பின்வாசல் வழியே வந்தவர்கள்: நியூயார்க் கறுப்பின இசைஞர்கள், 1900–1919



நினைவுப் பேருரைக்கு என்னை அழைத்த தோழர்கள் தலைப்பைக் கேட்டபோது, இசையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "பறையைப் பற்றியா?" என்றார்கள். இல்லை, நூறு வருடங்களுக்கு முந்தைய நியூயார்க்கைப் பற்றி என்றேன். கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய கலைவிழாவில் நம் தோழர்கள் ஆடினார்கள், அடித்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. விழா முடிந்து இரவு பதினொரு மணிக்கு, பேசிய தொகையில் பாதியைக் கையில் வைத்து, மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். சாப்பாட்டுப் பந்தி அதற்குள் முடிந்திருந்தது. வேனில் திரும்பும்போது ஒரு மூத்த கலைஞர் என்னிடம், "கைதட்டினவனும் அவன்தான், காசைப் பிடிச்சவனும் அவன்தான், இதுக்கு என்னய்யா அர்த்தம்?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடு படித்த வரலாற்றில் ஒன்றைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். பெரும்பகுதி நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில், நடந்தே கடந்துவிடக்கூடிய சில தெருக்களுக்குள் நடந்தது.

1900ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி நள்ளிரவு. எட்டாவது அவென்யூவும் 41ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் மே எனோக் என்ற கறுப்பினப் பெண் தன் துணைவருக்காகக் காத்து நின்றார். சீருடை அணியாத போலீஸ்காரர் ராபர்ட் தோர்ப் வந்து அவரைப் பிடித்தார். இரவில் தெருவில் தனியாக நிற்கும் கறுப்பினப் பெண் என்றால் பாலியல் தொழிலாளி என்பது போலீசின் கணக்கு. துணைவர் ஆர்தர் ஹாரிஸ் வெளியே வந்து பார்க்கிறார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டிருக்கிறார். அடிதடியானது. ஹாரிஸ் கத்தியால் குத்தினார். போலீஸ்காரர் மறுநாள் இறந்துபோனார். 15ஆம் தேதி இரவு வெள்ளையர் கும்பல் தெருக்களில் இறங்கியது. டிராம் வண்டிகளிலிருந்து கறுப்பர்களை இழுத்துப் போட்டு அடித்தார்கள். தடுக்க வேண்டிய போலீசும் சேர்ந்து அடித்தது.

இதுவரை கேட்டது நமக்குப் புதிய கதை இல்லை. ஒருவர் செய்ததற்கு ஒரு தெருவே பதில் சொல்ல வேண்டும் என்பதை நாம் இங்கேயே பார்த்திருக்கிறோம். என்னை நிறுத்திய செய்தி வேறு. கவிஞரும் போராளியுமான ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அன்றிரவு அந்தக் கும்பல் சில பெயர்களைச் சொல்லிக் கூவிக்கொண்டே தேடியது. எர்னஸ்ட் ஹோகன் எங்கே? வில்லியம்ஸும் வாக்கரும் எங்கே? கோலும் ஜான்சனும் எங்கே? இவர்கள் யாரும் அரசியல் தலைவர்கள் இல்லை. நகரத்தின் மேடைகளில் பாடி ஆடிச் சிரிக்கவைத்த நட்சத்திரங்கள். கும்பலுக்குத் தெரிந்த கறுப்பர்களின் பெயர்கள் அவைதான். டிக்கெட் வாங்கிப் பார்த்ததால்தான் தெரிந்திருந்தது. ஜார்ஜ் வாக்கர் மயிரிழையில் தப்பினார். ஹோகனைப் பாதுகாப்புக்காக இரவு முழுக்க அரங்கத்துக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

இந்த ஹோகனைப் பற்றி ஒரு வார்த்தை. 1896இல் அவர் ஒரு பாட்டு எழுதினார். அதன் தலைப்பிலேயே கறுப்பர்களை இழிவாகக் குறிக்கும் சொல் இருந்தது. பாட்டு நாடெங்கும் விற்றது. அதே பாணியில் நூற்றுக்கணக்கான பாடல்கள் வந்தன. கோழி திருடுபவன், தர்பூசணிக்கு அலைபவன், சவரக்கத்தியோடு திரிபவன் என்று கறுப்பரைக் காட்டும் பாட்டுகள். தெருவில் கறுப்பர் ஒருவர் போனால் அந்த மெட்டைச் சீட்டியடிப்பதே வசவாகிவிட்டது. மேடையில் புகழ்பெற்ற பெர்ட் வில்லியம்ஸ், தானே கறுப்பராக இருந்தும், முகத்தில் கருப்புச் சாயம் பூசிக்கொண்டுதான் ஆட வேண்டியிருந்தது. இவர்களைத் துரோகிகள் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு வாசல் எதுவும் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. 1903இல் முழுக்கக் கறுப்பினக் கலைஞர்கள் நடித்த 'இன் டஹோமி' என்ற இசைநாடகம் பிராட்வே அரங்கேறியது. மேடை முழுக்கக் கறுப்பர்கள். பார்க்க வந்த கறுப்பர்களுக்கு மட்டும் மேல்மாடம்.

1900 கலவரத்துக்குப் பிறகு 53ஆம் தெருவிலிருந்த செயின்ட் மார்க் மெதடிஸ்ட் தேவாலயத்தில் கூட்டம் போட்டார்கள். அதன் போதகர் வில்லியம் புரூக்ஸும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். அடிபட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கிப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். எந்தப் போலீஸ்காரருக்கும் தண்டனை இல்லை. அந்தத் தேவாலயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அங்கே திரும்பி வருவோம்.

அதே 53ஆம் தெருவில்தான் மார்ஷல் ஹோட்டல் என்ற விடுதி இருந்தது. நடத்தியவர் ஒரு கறுப்பர். பாடகர்கள், நடிகர்கள், பாட்டெழுதுபவர்கள் எல்லாம் அங்கே கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் வந்து சேர்ந்த ஓர் இளைஞர்தான் ஜேம்ஸ் ரீஸ் யூரோப். யூரோப் என்பது அவருடைய குடும்பப் பெயர். கண்டத்தோடு குழப்பிக்கொள்ளாமலிருக்க, நண்பர்கள் கூப்பிட்டது போல நானும் ஜிம் யூரோப் என்றே சொல்கிறேன். அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் பிறந்தவர், வாஷிங்டனில் வளர்ந்தவர். வயலினும் பியானோவும் முறையாகப் படித்தவர். நல்ல உயரம், கண்ணாடி, அதிகம் பேசாத சுபாவம். இசைநாடகக் குழுக்களுக்கு இயக்குநராக ஊர் ஊராகச் சுற்றியவர்.

அந்த நாளில் கறுப்பின இசைஞருக்கு வேலை கிடைத்த விதத்தைச் சொன்னால்தான் அவர் செய்தது புரியும். பணக்கார வீட்டில் விருந்து, அல்லது ஹோட்டலில் நடனம். யாராவது மார்ஷல் ஹோட்டலுக்கு வந்து நாலு பேரைக் கூட்டிப் போவார்கள். பலரைச் சேர்த்துக்கொண்டதே பரிமாறவும் பாத்திரம் எடுக்கவும். வேலை முடிந்த பிறகு வாசிக்க வேண்டும். இசைக்குத் தனிச் சம்பளம் கிடையாது. விருந்தினர்கள் வீசுகிற சில்லறைதான். பின்வாசல் வழியே உள்ளே வந்து சமையலறையில் சாப்பிட்டுப் போக வேண்டும். வெள்ளையர்களின் இசைஞர் சங்கத்தில் கறுப்பர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள்.

1910 ஏப்ரலில் ஜிம் யூரோப்பும் மற்றவர்களும் சேர்ந்து கிளெஃப் கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்தான் தலைவர். மார்ஷல் ஹோட்டலுக்கு எதிர்ப்புறமே ஒரு வீட்டைப் பிடித்து அலுவலகம் வைத்தார்கள். ஒரு தொலைபேசி. கூப்பிட்டால் மூன்று பேர் வேண்டுமென்றாலும் வருவார்கள், முப்பது பேர் வேண்டுமென்றாலும் வருவார்கள். ஆனால் ஒப்பந்தம் போட வேண்டும். சம்பளம் இவ்வளவு என்று முன்கூட்டியே முடிவாக வேண்டும். பயணச் செலவும் சாப்பாடும் தனி. வாசிக்க வந்தவர் வாசிப்பார், தட்டு கழுவ மாட்டார். முன்பதிவு செய்த நிகழ்ச்சி என்றால் டக்சீடோ கோட்டு, அவசரத்துக்குக் கூப்பிட்டால் கறுப்பு சூட்டு என்று உடைக்கும் விதி வைத்தார்கள். இதைப் படிக்கும்போது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, கோட்டுப் போட்டால் மரியாதை வந்துவிடுமா என்று. பிறகு, அதுவரை அவர்கள் பரிமாறுகிறவனின் உடையில்தான் வாசித்தார்கள் என்பது உறைத்தது.

அன்றைக்கு நியூயார்க் முழுவதிலும் கறுப்பின மக்கள் சுமார் 90 ஆயிரம் பேர். பல லட்சம் பேர் கொண்ட நகரத்தில் சிறுபான்மை. ஆனாலும் சில ஆண்டுகளிலேயே நகரத்துச் சீமான்களின் நடன விருந்துகளில் கிளெஃப் கிளப் ஆட்கள் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது. ஒருவர் தனியாகக் கேட்டால் வேறொருவரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். எல்லோரும் ஒரே தொலைபேசியின் பின்னால் நின்றுவிட்டதால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மாணவர்கள் இந்த அடுத்த விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பியானோக் கலைஞர் யூபி பிளேக் பின்னாளில் சொன்னது இது. ஜிம் யூரோப்பின் ஆட்களில் பலர் இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கக்கூடியவர்கள். புதிதாக வந்த பாட்டை வாங்கி, குறிப்பை வைத்துப் பயிற்சி செய்து, மனப்பாடமாக்கிக்கொள்வார்கள். விருந்துக்குப் போகும்போது தாளைக் கொண்டுபோவதில்லை. வீட்டுக்காரர்கள் புத்தம்புதுப் பாட்டு ஒன்றின் மெட்டைச் சொல்லி, இது தெரியுமா என்று கேட்பார்கள். இவர்கள் இப்போதுதான் கேட்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு வாசித்துக் காட்டுவார்கள். "படிப்பே இல்லாமல் எப்படி வாசிக்கிறார்கள் பாருங்கள், இயற்கையாகவே ரத்தத்தில் இருக்கிறது" என்று வெள்ளையர்கள் வியப்பார்கள்.

ரத்தத்தில் ஊறியது என்ற இந்தப் பாராட்டு நம் காதுக்கும் பழக்கமானதுதான். பத்து வயதிலிருந்து கை வீங்க அடித்துப் பழகியதை, அப்பனிடம் அடி வாங்கிக் கற்றதை எல்லாம் ஒரே சொல்லில் அழித்துவிடும். ரத்தத்தில் இருப்பதற்கு எதற்குச் சம்பளம்? கறுப்பர்களுக்குப் படிப்பு வராது என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சந்தை ஓடியது. படித்தவன் என்று காட்டிக்கொண்டால் அதில் விலை குறையும். பிழைப்புக்காக இவர்கள் தங்கள் படிப்பை மறைத்தார்கள். இந்த இடத்தில் ஜிம் யூரோப்பைக் குறை சொல்பவர்களும் உண்டு. எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அதே ஆட்களைத்தான் அவர் 1912இல் வேறொரு மேடைக்குக் கூட்டிப் போனார்.

அந்தக் கதைக்கு முன்னால் ஜான் டக்ளஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1847இல் பிறந்த கறுப்பின வயலின் கலைஞர். ஜெர்மனிக்குப் போய்ப் படித்தவர். இருபது வயதை ஒட்டி ஒரு ஓபரா எழுதியவர். அதன் இசைக்குறிப்பு இன்று யாரிடமும் இல்லை. அமெரிக்காவின் எந்த சிம்பொனி இசைக்குழுவும் அவருக்கு நாற்காலி தரவில்லை. கடைசியில் கிட்டார் வாசித்தும் பாடம் சொல்லியும் பிழைத்தார். 1886இல், நாற்பது வயது ஆகும் முன்பே இறந்தார். அவரிடம் கட்டணமில்லாமல் வயலின் கற்ற ஏழை யூதச் சிறுவன் ஒருவன், டேவிட் மான்னெஸ். அவன் வளர்ந்து நியூயார்க் சிம்பொனியின் முதல் வயலினாக உட்கார்ந்தான். குருவுக்குக் கிடைக்காத நாற்காலி சீடனுக்குக் கிடைத்தது. மான்னெஸ் அதை மறக்கவில்லை. டக்ளஸின் நினைவாக, கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஓர் இசைப்பள்ளி 1911இல் தொடங்கக் காரணமாக இருந்தார். அந்தப் பள்ளிக்கு நிதி வேண்டும். அதற்காகத்தான் கிளெஃப் கிளப்பைக் கேட்டார்கள். இடம் கார்னெகி ஹால், 57ஆம் தெரு. மார்ஷல் ஹோட்டலிலிருந்து நாலு தெரு தள்ளி.

1912 மே 2ஆம் தேதி. நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் மேடையேறினார்கள். ஒத்திகை நடந்த விதத்தை, நாட்டார் இசையைத் தொகுத்த நாட்டலி கர்ட்டிஸ் எழுதியிருக்கிறார். பகலில் சமையற்கட்டிலும் லிஃப்டிலும் முடிதிருத்தும் கடையிலும் வேலை பார்ப்பவர்கள் பலர். ஒரு ஒத்திகைக்கு வந்தவர் அடுத்ததற்கு வர முடியாது. வாத்தியங்களும் வழக்கமான சிம்பொனிக்கு உரியவை இல்லை. மாண்டலின், ஹார்ப் கிட்டார், பான்ஜோ என்று வரிசை வரிசையாக, பின்னால் பல பியானோக்கள், டிரம்கள். ஜிம் யூரோப் எழுதிய கிளெஃப் கிளப் மார்ச்சில் தொடங்கினார்கள். அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல் கொஞ்சம் முன்னும் பின்னும் விழுகிற அந்தத் தாளத்தை அந்த மண்டபம் அதற்கு முன் அப்படிக் கேட்டதில்லை. முடிவில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வாய்விட்டுப் பாடவும் தொடங்கினார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கறுப்பர்களுக்கு மேல்மாடம் என்ற வழக்கமும் அன்று இல்லை. வெள்ளையரும் கறுப்பரும் மண்டபம் முழுக்கக் கலந்தே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் வயலின் வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், வில் மேரியன் குக். பெர்லினில் மாபெரும் வயலின் மேதை யோவாகிமிடம் படித்தவர். 'இன் டஹோமி'க்கு இசையமைத்தவர் அவர்தான். அவரைப் பற்றி டியூக் எலிங்டன் ஒரு கதை சொல்வார். இளமையில் குக் ஒரு கச்சேரி செய்தாராம். விமர்சகர் ஒருவர் அவரை உலகின் தலைசிறந்த நீக்ரோ வயலின் கலைஞர் என்று எழுதினாராம். குக் அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கே போய், நான் உலகின் தலைசிறந்த வயலின் கலைஞன் என்று சொல்லி வயலினை உடைத்துப் போட்டாராம். நடந்ததோ இல்லையோ, அந்தத் தலைமுறை திரும்பத் திரும்பச் சொன்ன கதை. நம் எழுத்தாளர்களைப் பற்றி "தலித் எழுத்தாளர்களில் சிறந்தவர்" என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் குக்கின் வயலின் நினைவுக்கு வரும். அந்தக் கோபக்காரர் அன்று பேசாமல் வரிசையில் உட்கார்ந்து வாசித்தார். அவருடைய பாட்டை மறுபடி மறுபடி பாடச் சொல்லி அரங்கம் கேட்டது. ஜிம் யூரோப் அவரை எழுப்பி நிறுத்தியபோது, அழுகையில் அவருக்குப் பேச்சு வரவில்லை.

இந்த நிகழ்ச்சி பிறகு ஆண்டுதோறும் நடந்தது. பாராட்டோடு புத்திமதியும் வந்தது. இவ்வளவு திறமை இருக்கிறதே, மாண்டலினையும் பான்ஜோவையும் விட்டுவிட்டு முறையான சிம்பொனிகளைப் பழகக்கூடாதா என்று வெள்ளை விமர்சகர்கள் கேட்டார்கள். கறுப்பினப் படிப்பாளிகளிலும் சிலருக்கு ராக்டைம் என்றாலே கூச்சம், சாராயக்கடையின் வாடை வருகிறது என்று. ஜிம் யூரோப்பின் பதில் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஐரோப்பியர் இசையை ஐரோப்பியர் போல வாசிக்க ஆயிரம் குழுக்கள் இருக்கின்றன, நாங்கள் பின்னால் நின்று பிரதி எடுத்துக்கொண்டிருக்க முடியாது, எங்கள் மக்களின் உள்ளத்திலிருந்து வந்ததை எங்கள் வாத்தியங்களில்தான் நன்றாகச் சொல்ல முடியும் என்பது அவர் நிலை. வயலின் படித்தவர், மேலை இசையின் இலக்கணம் தெரிந்தவர், தெரிந்துகொண்டுதான் இதைச் சொன்னார். மாண்டலினும் பான்ஜோவும் மீட்டுகிறவர்களில் பலருக்கு இசைக்குறிப்பு தெரியாது. சிம்பொனிதான் வாசிப்பது என்று முடிவுசெய்திருந்தால் லிஃப்ட் இழுத்த அந்தத் தொழிலாளிகள் அந்த மேடைக்கு வந்திருக்கவே முடியாது. அழகியல் தீர்மானத்துக்குள் யார் உள்ளே, யார் வெளியே என்ற தீர்மானமும் இருக்கிறது.

இங்கே ஓர் இடைச்செருகல். 1913 ஜூலையில் 22 வயது இளைஞர் ஒருவர் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க் வந்து இறங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1916 வரை அந்த நகரத்தில் படித்தார். பல்கலைக்கழகம் இருந்தது 116ஆம் தெருவில். கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஹார்லெம். கறுப்பின மக்கள் நடு மன்ஹாட்டனின் தெருக்களை விட்டு ஹார்லெமுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஜிம் யூரோப்பின் மூன்றாவது கார்னெகி நிகழ்ச்சி 1914 மார்ச்சில் நடந்தபோது அந்த இளைஞர் அதே நகரத்தில் இருந்தார். 1946இல் அவர் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் அளித்த மனுவைப் பற்றி அதில் விசாரித்தார். டு பாய்ஸும் பதில் எழுதினார். அம்பேத்கரின் நகரங்களில் ஒன்று என்பதாலும் நியூயார்க்கின் இந்தத் தெருக்கள் நமக்கு அந்நியமில்லை.

மீண்டும் 1913. கிளெஃப் கிளப்புக்குள் பூசல் வந்தது. ஜிம் யூரோப் ஆண்டு இறுதியில் விலகி டெம்போ கிளப் என்று இன்னொரு சங்கம் வைத்தார். சங்கம் என்றால் உடையாமல் இருக்குமா, விடுங்கள். அதே சமயம் விக்டர் நிறுவனம் அவருடைய குழுவை இசைத்தட்டுகளுக்குப் பதிவு செய்தது. கறுப்பினக் குழு ஒன்றைப் பெரிய நிறுவனம் அப்படி ஒப்பந்தம் செய்தது அபூர்வம். வெர்னன், ஐரீன் காசில் என்ற வெள்ளை நடன ஜோடி அன்று அமெரிக்காவையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இசை ஜிம் யூரோப். ஓர் அரங்கத்தில் வெள்ளை இசைஞர்கள் தகராறு செய்தார்கள். மேடைக்குக் கீழே இசைக்குழு உட்காரும் பள்ளத்தில் கறுப்பர்கள் தங்களோடு உட்காரக்கூடாது என்றார்கள். காசில் ஜோடி அவர்களை மேடை மேலேயே உட்காரவைத்து ஆடியது. கீழே இடமில்லை என்றதால் மேலே ஏறியவர்கள்.

இந்தச் சங்கங்களின் குறையையும் சொல்லியாக வேண்டும். கிளெஃப் கிளப் ஆண்களின் சங்கம். எய்டா ஓவர்ட்டன் வாக்கர் என்ற நடனக் கலைஞர் இதே வட்டத்தைச் சேர்ந்தவர். கணவர் ஜார்ஜ் வாக்கர் நோயில் விழுந்தபோது ஆண்வேடம் போட்டு அவருடைய பாத்திரத்தையும் ஆடி நாடகத்தை நடத்தியவர். 1914இல் இறந்துபோனார். அவரைப் போன்ற பெண்களுக்கு ஒப்பந்தம் பேச ஒரு தொலைபேசி எங்கும் இல்லை.

1917 ஜூலைத் தொடக்கத்தில் இல்லினாய் மாநிலத்தின் கிழக்கு செயின்ட் லூயி நகரில் வெள்ளைக் கும்பல் கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்புகளைக் கொளுத்தியது. அரசுக் கணக்கிலேயே 39 கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். உண்மையான எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்பது மக்கள் கருத்து. ஜூலை 28ஆம் தேதி நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் சுமார் பத்தாயிரம் கறுப்பர்கள் ஊர்வலம் போனார்கள். குழந்தைகளும் பெண்களும் வெள்ளை உடையில், ஆண்கள் கறுப்பு உடையில். கோஷம் இல்லை, பாட்டு இல்லை. துணி சுற்றி அமுக்கிய டிரம்களின் சத்தம் மட்டும். ஏற்பாடு செய்தவர்களில் டு பாய்ஸும் நாம் முன்பு பார்த்த ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனும் இருந்தார்கள். தங்களை ஆடுகிறவர்களாகவும் பாடுகிறவர்களாகவும் மட்டுமே பார்த்துப் பழகிய நகரத்தின் நடுத்தெருவில், பாடாமல் நடந்தார்கள். அந்த நகரத்துக்கு அவர்கள் கொடுத்த கச்சேரிகளில் இதையும் ஒன்றாக நான் சேர்ப்பேன்.

ஜிம் யூரோப் அதற்கு முந்தைய ஆண்டே ராணுவத்தில் சேர்ந்திருந்தார். ஹார்லெமில் திரட்டப்பட்ட கறுப்பினப் படைப்பிரிவு, நியூயார்க் 15ஆவது. ஏன் சேர்ந்தார்? ஹார்லெமுக்கு ஆண்களின் கட்டுப்பாடான அமைப்பு ஒன்று வேண்டும் என்று நினைத்தார் என்கிறார் நண்பர் நோபிள் சிஸில். எந்திரத் துப்பாக்கிப் பிரிவில் லெப்டினன்ட் ஆனார். படைத் தளபதி ஹேவர்ட், நாட்டிலேயே சிறந்த ராணுவ பாண்டு வேண்டும் என்றார். அதற்குப் பணம் வேண்டும் என்றார் ஜிம் யூரோப், ராணுவத்திலும் தன் வழக்கத்தை விடாமல். ஒரு தொழிலதிபரிடமிருந்து 10,000 டாலர் வந்தது. குழலும் கிளாரினெட்டும் வாசிக்க ஆள் தேடிப் போர்ட்டோ ரிக்கோ தீவுக்கே போய்ப் பத்துக்கும் மேற்பட்ட கலைஞர்களை அழைத்து வந்தார். பின்னாளில் லத்தீன் அமெரிக்கா முழுதும் புகழ்பெற்ற ரஃபாயேல் எர்னாண்டஸ் அவர்களில் ஒருவர்.

பயிற்சிக்காகத் தென்கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஹோட்டலில் செய்தித்தாள் வாங்கப் போன சிஸிலின் தொப்பியை உரிமையாளர் தட்டிவிட்டு உதைத்தார். உள்ளே நுழையும்போது தொப்பியைக் கழற்றவில்லையாம். நாட்டின் சீருடை அணிந்திருந்த ஆள். நியூயார்க்கிலிருந்து வந்திருந்த வெள்ளை வீரர்களே கொதித்து ஹோட்டலை நொறுக்கக் கிளம்பினார்கள். ஜிம் யூரோப் உள்ளே வந்து எல்லோரையும் அமைதியாக வெளியேறச் சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டியிருந்த அந்த நிமிடம் அவருக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1918 புத்தாண்டு நாளில் பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்தில் இறங்கியதும் பாண்டு பிரான்ஸின் தேசிய கீதத்தை வாசித்தது. கரையில் நின்ற பிரெஞ்சு வீரர்களுக்கு முதல் சில அடிகள் வரை அது தங்கள் கீதம் என்றே புரியவில்லையாம். தாளம் அப்படி. புரிந்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். அமெரிக்கத் தளபதிகள் இந்தக் கறுப்பினப் படைப்பிரிவைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளாமல் பிரெஞ்சுப் படைக்குக் கொடுத்துவிட்டார்கள். போர்முனையில் 191 நாள் நின்றார்கள். பிரான்ஸ் அரசு படைப்பிரிவு முழுமைக்கும் போர்ச்சிலுவை விருது தந்தது. ஜிம் யூரோப் விஷவாயுத் தாக்குதலில் சிக்கி மருத்துவமனையில் கிடந்தபோதும் ஒரு பாட்டு எழுதினார். பிரெஞ்சு ராணுவ பாண்டுக்காரர்கள் இவர்களுடைய ஊதுகருவிகளை வாங்கிப் பரிசோதித்தார்களாம், உள்ளே ஏதாவது வித்தை வைத்திருக்கிறார்களா என்று. எதுவும் இல்லை. பழக்கம்தான். தம் மக்களின் இசையைத்தான் எழுத வேண்டும் என்ற நம்பிக்கை பிரான்ஸுக்குப் போய்வந்த பிறகு இன்னும் உறுதியானது என்று திரும்பியதும் ஜிம் யூரோப் சொன்னார்.

1919 பிப்ரவரி 17ஆம் தேதி அந்தப் படைப்பிரிவு ஐந்தாவது அவென்யூவில் அணிவகுத்தது. மௌன ஊர்வலம் நகரின் தெற்கு நோக்கிப் போன அதே தெரு. இவர்கள் வடக்கு நோக்கி நடந்தார்கள், ஹார்லெம் பக்கம். சுமார் 3,000 வீரர்கள், தோளோடு தோள் ஒட்டிய பிரெஞ்சு அணிவகுப்பு முறையில். அவென்யூ நெடுகப் பெரிய மாளிகைகளைத் தாண்டும்போது பாண்டு ராணுவ மார்ச்சுகளை மட்டுமே வாசித்தது. அந்த மாளிகைகள் சிலவற்றில் இவர்களில் பலர் பின்வாசல் வழியே போய் வாசித்திருப்பார்கள். ராக்டைமை எதிர்பார்த்து நின்றவர்களுக்கு அன்று அது கிடைக்கவில்லை. 110ஆம் தெருவைத் தாண்டி லெனாக்ஸ் அவென்யூவுக்குள் நுழைந்து, 130ஆம் தெருப் பக்கம் வந்தபோது, ஜிம் யூரோப் சைகை காட்டினார். 'ஹியர் கம்ஸ் மை டாடி நவ்' என்ற ஜனரஞ்சகப் பாட்டு எழுந்தது. வரிசை கலைந்தது. தாய்மாரும் மனைவிமாரும் பிள்ளைகளும் வீரர்களின் கையைக் கோத்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். எந்தப் பாட்டை யாருக்கு வாசிப்பது என்பதை அன்று அவர்கள்தான் தீர்மானித்தார்கள்.

அதன்பிறகு மூன்று மாதம்கூட இல்லை. பாண்டு ஊர் ஊராகச் சென்றது. பாத்தே நிறுவனத்துக்கு இசைத்தட்டுகள் பதிவு செய்தது. மே 9ஆம் தேதி பாஸ்டனில் கச்சேரி. இடைவேளையில் டிரம் வாசிக்கும் ஹெர்பர்ட் ரைட் என்ற இளைஞர் தலைவரிடம் தகராறு செய்தார். உழைப்பது நான், திட்டு வாங்குவதும் நான் என்பது அவர் புகார். கையிலிருந்த சிறு கத்தியால் கழுத்தில் குத்திவிட்டார். சின்னக் காயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கச்சேரியை நிறுத்தாதீர்கள் என்று சிஸிலிடம் சொல்லிவிட்டு ஜிம் யூரோப் மருத்துவமனைக்குப் போனார். அன்றிரவே இறந்தார். வயது நாற்பதைத் தொடவில்லை. நியூயார்க் நகரம் ஒரு கறுப்பருக்கு முதன்முறையாகப் பொது இறுதி மரியாதை செய்தது. ஹார்லெமிலிருந்து புறப்பட்ட ஊர்வலம் வந்து நின்ற இடம் 53ஆம் தெருவின் செயின்ட் மார்க் தேவாலயம். 1900இல் அடிபட்டவர்களுக்காகக் கூட்டம் போட்ட இடம். பாண்டு அன்று வாசிக்கவில்லை, கூடவே நடந்தது.

அந்தக் கோடையில் பல நகரங்களில் கறுப்பர்கள் மீது தாக்குதல் நடந்தது. சிகாகோவில் மட்டும் 38 பேர் இறந்தார்கள், அவர்களில் 23 பேர் கறுப்பர்கள். சிவப்புக் கோடை என்று ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் அதற்குப் பெயர் வைத்தார். சீருடையும் விருதும் இசைத்தட்டும் யாரையும் காப்பாற்றவில்லை. 1924 பிப்ரவரி 12ஆம் தேதி பால் ஒயிட்மன் என்ற வெள்ளை இசைக்குழுத் தலைவர் நியூயார்க்கின் ஏயோலியன் ஹாலில் ஜாஸை நாகரிகமான மண்டபத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி ஒரு கச்சேரி நடத்தினார். வாசித்தவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். அவருக்கு ஜாஸின் அரசன் என்ற பட்டமும் இருந்தது. ஜிம் யூரோப்பின் இரண்டாவது கார்னெகி நிகழ்ச்சி நடந்ததும் பிப்ரவரி 12தான், 1913இல்.

வேனில் என்னிடம் கேள்வி கேட்ட அந்த மூத்த கலைஞருக்கு இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கார்னெகி ஹால் அவரை அவ்வளவாகக் கவரவில்லை. "அந்த டெலிபோன் வச்சாங்கன்னு சொன்னியே, அதுக்கு மாசம் யாரு காசு கட்டினது?" என்று கேட்டார். உறுப்பினர் சந்தாவில் கட்டியிருப்பார்கள் என்றேன். தலையாட்டினார். பிறகு, "குத்தின பையன் என்ன ஆனான்?" என்றார்.

ஹெர்பர்ட் ரைட் சிறைக்குப் போய், தண்டனை முடியும் முன்பே விடுதலையாகி, பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் குடியிருந்தார். பிள்ளைகளுக்கு டிரம் சொல்லிக்கொடுத்தார். அதே தெருவில் ராய் ஹேன்ஸ் என்றொரு சிறுவன் இருந்தான். பின்னாளில் ஜாஸின் பெரும் டிரம் கலைஞர்களில் ஒருவராக ஆனவர், 2024 வரை வாழ்ந்தவர். அவருக்கு ஆரம்பத்தில் குச்சியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் ஹெர்பர்ட் ரைட்டும் ஒருவர்.